ஜன்னல்களைத் திறந்து வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

கொரோனா பெருந்தொற்றில் மூடிய நம் பள்ளி மறுபடி திறந்து முதல் பருவம் முடிந்ததுமே இந்த மடலை எழுதியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தைப் பிடிக்கிற ஓட்டத்தில் ஒரு வருடம் போனது, அப்புறம் அந்த நாட்களைப் பற்றிப் பேசாமலே இருக்க எல்லோரும் பழகிவிட்டோம். போன வாரம் நம் துப்புரவுப் பணியாளர் அக்கா இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார் என்று கேள்விப்பட்டேன். இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். யார் பெயரையும் எழுதப் போவதில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் அக்காவுக்கு.

அக்கா, பள்ளி திறப்பதற்கு மூன்று வாரம் முன்னால் நாங்கள் ஒரு குழு போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தலைமை ஆசிரியர், அறிவியல் ஆசிரியர், நான், பெற்றோர் தரப்பில் நான்கு பேர். டேப் பிடித்து மேசைக்கு மேசை இடைவெளி அளந்தோம், தரையில் வட்டம் வரைந்தோம், சுவரொட்டி அச்சடித்தோம், கிருமிநாசினி எத்தனை கேன் வேண்டும் என்று கணக்குப் போட்டோம். மேசைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது நான்தான். வாளியோடு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், "டீச்சர், இந்த ரூம் ஜன்னல் திறக்காதே, பெயின்ட் அடிச்சப்பவே ஒட்டிக்கிச்சு" என்றீர்கள். போய்த் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. அப்புறம் நீங்களே ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். 11 அறைகளில் 7 அறைகளின் ஜன்னல்கள் பெயின்டில் ஒட்டியோ, துருப்பிடித்தோ, ஆணி அடித்தோ கிடந்தன. எத்தனையோ வருடமாக அந்த அறைகளில் பாடம் நடத்தியவர்கள் நாங்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, தினமும் அவற்றைத் துடைத்தவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் அன்று சொன்ன அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரியவே சில நாள் ஆனது. 2020 மார்ச்சில் கொரோனா காற்றில் பரவும் நோய் இல்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. அதே மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது, வந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் வந்தது அல்லது வந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள், இருவர் இறந்துபோனார்கள். கைகுலுக்காமல், கட்டிப்பிடிக்காமல் இருந்தும் இத்தனை பேருக்கு என்றால் அது எப்படி வந்தது? ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் இருவரும் எழுதிய திறந்த மடலில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்துகொண்டு, மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் மிதந்துகொண்டே இருக்கும், காற்றோட்டத்தைப் பாருங்கள் என்று சொன்னார்கள். அந்த 239 பேருக்கும் இந்த மடல் போய்ச் சேராது. ஆனாலும் அவர்களுக்கும் என் நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அது வெளிவரும்வரை மேசையைத் துடைத்தால் போதும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

தச்சர் அண்ணனுக்கு. ஐந்து நாள் ஆனது உங்களுக்கு. பெயின்டைக் கத்தியால் கீறிக் கீறிப் பிரித்து, கீல்களுக்கு எண்ணெய் விட்டு, உடையாமல் எடுத்தீர்கள். எங்கள் பட்டியலில் ஜன்னல் மட்டும்தான் இருந்தது. கதவுகளுக்கு மேலே அட்டை வைத்து அடைத்திருந்த காற்றுப்போக்கிகளைப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று வந்து நிற்குமே தவிர வெளியே போகாது, எதிர்ப்பக்கமும் வழி வேண்டும் என்று நீங்களாகவே அதையும் பிரித்துப்போட்டீர்கள். என் பிளாஸ்டிக் தடுப்புகளைப் பார்த்து, "இது காத்தை மறிக்குமே" என்றதும் நீங்கள்தான். எனக்கு அன்று கோபம் வந்தது உண்மை. நீங்கள் சொன்னது சரி. மறுநாளே அந்தத் தடுப்புகள் எல்லாவற்றையும் எடுத்துச் சாமான் அறைக்குள் போட்டுவிட்டோம்.

நம் அறிவியல் ஆசிரியர் ஒரு கரியமில வாயு அளவியை இரவல் வாங்கி வந்ததை மறக்க முடியாது. வெளிக்காற்றில் அது 400 சொச்சம் காட்டும், பத்து லட்சத்தில் அத்தனை பங்கு என்று அர்த்தம். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் கரியமில வாயுதான், அதாவது 40,000. அதனால் அறைக்குள் எண் ஏற ஏற, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம், நோய்க்கிருமியை அது காட்டாது, காற்று மாறுகிறதா இல்லையா என்பதைக் காட்டும். குழுவில் நாங்களே முப்பது பேரைத் திரட்டி ஒரு மூடிய வகுப்பறையில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்த்தோம், எண் 2,000 தாண்டியது. இரண்டு பக்கமும் திறந்தோம், கொஞ்ச நேரத்தில் 700க்கு இறங்கியது. பெற்றோர் கூட்டத்தில் நான் அரை மணி நேரம் பேசியும் நம்பாதவர்கள், அந்த எண் கண்ணெதிரே இறங்குவதைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து போய் அடுத்த ஜன்னலைத் திறந்தார்கள்.

நூலகத்துக்கும் கணினி அறைக்கும் ஜன்னலே கிடையாது. அங்கே என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்புப் பையனின் அப்பா ஒருவர் தூசியைப் பிடிக்கும் நான்கு காற்று வடிகட்டிகளைப் பெட்டி மாதிரி நிறுத்தி, அடியில் அட்டை, மேலே ஒரு சதுர மின்விசிறி, இடுக்கெல்லாம் டேப் என்று ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியியல் பேராசிரியரின் யோசனை அது, ஜிம் ரோசென்தால் என்பவர் 2020இல் முதலில் செய்து பார்த்தார், செய்முறையை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். அறைக்கு இரண்டு செய்தீர்கள், சார். சத்தம் அதிகமாக இருக்கிறது என்று நாங்கள் குறை சொன்னதும் அட்டையில் வட்டமாக வெட்டி மின்விசிறியின் மூலைகளை மறைத்துக் கொடுத்தீர்கள், காற்றின் இழுப்பும் கூடியது. வடிகட்டியில் படிந்த கறுப்பை ஆறு மாதம் கழித்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். வாய் பிளந்து பார்த்தார்கள்.

நான்காம் வகுப்புப் பெண்ணின் அம்மா, செவிலியர். இரவுப் பணி முடித்து, தூங்காமல் நேரே எங்களிடம் வந்து உட்கார்ந்தீர்கள். வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பெரிதாக நம்பாதீர்கள், அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும், அறிகுறியே வராதவர்களும் உண்டு என்று பொறுமையாக விளக்கினீர்கள். அப்புறம் நீங்கள் கேட்ட கேள்வி: "முழு வருகைக்குப் பரிசு கொடுக்கிறீங்களே, அதை நிறுத்துவீங்களா?" எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. பரிசுக்காக இருமலோடு வரும் பிள்ளையை நாங்களே உருவாக்கிக்கொண்டிருந்தோம். தலைமை ஆசிரியர் அந்த இடத்திலேயே பரிசை நிறுத்தினார். உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கும் நாள் விடுப்பாகக் கணக்கில் வராது, பாடத்தாள் வீட்டுக்கு வரும் என்று எழுதியே கொடுத்தார். அவருக்கும் நன்றி.

திறக்கவே கூடாது என்று கடைசிவரை எதிர்த்த அப்பா ஒருவருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஐயா, அந்தக் கூட்டத்தில் உங்கள்மேல் பலருக்கு எரிச்சல். எனக்கும்தான். உங்கள் வீட்டில் வயதான அம்மா, மூச்சுத்திணறல் உள்ளவர். "திறக்கிறதுக்கு இவ்வளவு யோசிச்சீங்க, எப்ப மூடுவீங்கன்னு யோசிச்சீங்களா? அதை யார் முடிவு பண்றது?" என்று கேட்டீர்கள். பதில் இல்லை எங்களிடம். அன்று இரவே உட்கார்ந்து எழுதினோம்: ஒரு வகுப்பில் ஒருவருக்கு வந்தால் என்ன, இரண்டு மூன்று பேருக்கு வந்தால் என்ன, எப்போது அந்த வகுப்பு மட்டும் வீட்டிலிருந்து படிக்கும், எப்போது முழுப் பள்ளியும், செய்தி எத்தனை மணிக்குள் பெற்றோருக்குப் போகும். அந்த இரண்டு பக்கம் இல்லாவிட்டால் முதல் தொற்று வந்த அன்று நாங்கள் பதறிப்போயிருப்போம். உங்கள் பிள்ளை மூன்று மாதம் கழித்து, பாட்டிக்குத் தடுப்பூசி போட்ட பிறகுதான் வந்தான். அதுவரை வாரம் இரண்டு முறை வாசலுக்கு வெளியே நின்று பாடத்தாள் வாங்கிக்கொண்டு போனீர்கள், ஒரு முறைகூடத் தவறாமல்.

முதல் தொற்று திறந்த மூன்றாவது வாரம் வந்தது. காலை ஆறு மணிக்கு அந்தப் பிள்ளையின் அம்மா அழைத்தார்கள். குரல் நடுங்கியது, ஆனால் மறைக்கவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வகுப்பை மட்டும் வீட்டிலிருந்து படிக்கச் சொன்னோம், பெயர் சொல்லாமல் மற்றவர்களுக்குச் செய்தி அனுப்பினோம். யார் என்று சிலர் கண்டுபிடித்திருப்பார்கள், அது நடக்காமல் இருக்காது. ஆனாலும் அந்தப் பிள்ளை திரும்பி வந்த நாளில் ஒருவரும் விலகி உட்காரவில்லை. வகுப்பில் இருந்த மற்ற யாருக்கும் அந்த முறை பரவவில்லை. அம்மா, நீங்கள் அன்று அழைத்ததால்தான் அடுத்தடுத்து வந்தவர்களும் தயங்காமல் அழைத்தார்கள்.

முகக்கவசம் தைத்துக் கொடுத்த அம்மாக்கள் பலர். அதில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் தமிழ் சொல்லித்தருகிறவள். ழ, ல, ள மூன்றையும் நாக்கும் உதடும் தெரியாமல் எப்படிச் சொல்லித்தருவது? போதாதற்கு என் வகுப்பில் காது சரியாகக் கேட்காத பெண் ஒருத்தி, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். திறந்த முதல் நாள் முழுக்க என் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மாலையில் அழுதுவிட்டாள். விஷயம் கேள்விப்பட்ட அந்த அம்மா, வாய்ப்பகுதியில் மட்டும் ஒளி ஊடுருவும் தாள் வைத்து எனக்கு நான்கு கவசங்கள் தைத்துத் தந்தார்கள். ஆவி படிந்து மங்கும், உள்பக்கம் துளி சோப்பைத் தடவித் துடைத்துவிட்டுப் போடுங்கள் என்ற வழியும் அவர்களே சொன்னது. துணிக்கவசம் அளவுக்கு அது காற்றை வடிகட்டாதே என்று யோசித்து, பாடம் நடத்தும்போது நான் ஜன்னல் ஓரமே நின்றேன், தள்ளி. அந்தப் பெண் "மழை" என்று எழுத்துக்கூட்டிச் சொன்ன நாளை நான் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

வாகன ஓட்டுநர் அண்ணன், மழை நாளிலும் எல்லா ஜன்னலையும் இரண்டு விரல் அளவாவது இறக்கியே ஓட்டினீர்கள், அண்ணன் தங்கைகளை ஒரே இருக்கையில் உட்காரவைத்தீர்கள். இசை ஆசிரியர், பாடகர் குழுச் செய்தியைப் படித்த பிறகு ஒரு வகுப்பைக்கூட அறைக்குள் நடத்தவில்லை, எல்லாம் மரத்தடியில்தான். சாப்பிடும்போது முகக்கவசம் இருக்காது என்பதால் அதையும் மரத்தடிக்கு மாற்றி, வகுப்புவாரியாக நேரம் பிரித்து, வெயிலிலும் காற்றிலும் நின்று பார்த்துக்கொண்ட மாணவர் தலைவர்களை நான் மறக்கவில்லை. 1904இலேயே பெர்லினுக்குப் பக்கத்தில் காசநோய் அபாயம் உள்ள பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள் திறந்தவெளிப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள் என்று தேடி எடுத்துத் தந்த நூலகருக்கும் நன்றி, சார். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, மறந்ததைத்தான் எடுத்தோம் என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெம்பாக இருந்தது.

2020இன் உச்சத்தில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்ததாக யுனெஸ்கோ சொன்னது. அந்த எண் எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. முதல் வகுப்பில் சேர வேண்டியவன் நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்து, பென்சிலை முஷ்டியில் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபோது உறைத்தது. கூடவே இன்னொன்று. எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி காலி. அவர் பள்ளி மூடியிருந்த நாட்களிலேயே இறந்துபோய்விட்டார். கணக்குப் பாடம் எடுத்தவர், பயப்படும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்பவர். திறக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் விவாதித்த ஒவ்வொரு நாளும் அந்த நாற்காலி எங்கள் கண்முன் இருந்தது. அவருடைய பிள்ளைகளை அந்த வருடம் முழுக்க மாலையில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித்தந்த இரண்டு முன்னாள் மாணவர்களுக்கு, நீங்கள் யாரிடமும் சொல்லாமல் செய்தீர்கள், எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளியில் யாருக்கும் தொற்று வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தது, ஆசிரியர்களுக்கும் வந்தது, இரண்டு முறை வகுப்புகளை நிறுத்தினோம். மேசை துடைப்பதில் செலவழித்த நேரத்தில் பாதியைக் காற்றுக்குக் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் முழுப் பள்ளியையும் மறுபடி மூட வேண்டிய நாள் அந்த வருடம் வரவில்லை.

அக்கா, கடைசியாக உங்களிடமே வருகிறேன். தொற்று ஓய்ந்து, முகக்கவசங்கள் போய், தரையில் போட்ட வட்டங்கள் அழிந்து, அளவியையும் திருப்பிக் கொடுத்த பிறகும் நீங்கள் மட்டும் தினமும் முதல் மணி அடிக்க முக்கால் மணி நேரம் முன்பே வந்து 11 அறைகளையும் திறந்து வைக்கிறீர்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்தச் சாவிக்கொத்து என்னிடம் இருக்கும், தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். மூன்றாம் வகுப்பின் கடைசி ஜன்னல் மட்டும் எனக்குத் திறக்க வரவில்லை, கொக்கியைத் தூக்கி ஏதோ ஒரு பக்கம் அழுத்துவீர்களே. போவதற்குள் ஒரு நாள் காலையில் அதைக் காட்டிக் கொடுங்கள். நான் சீக்கிரமே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்