எம்.பி.ஏ. பண்ணலாமா என்று கேட்டாயே

பாப்பா,

"பார்மசி படிச்சவ எம்.பி.ஏ.வும் பண்ணினா எங்கேப்பா போய் உட்காருவேன்?" என்று நேற்று போனில் கேட்டாய். நான் ஏதோ மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கதை ஒன்று, உனக்குச் சொன்னதில்லை. மருத்துவமனை மருந்தகத்துக்குப் பொறுப்பாளராக இருந்தபோது, நோயாளி விழுங்குகிற நிலைக்கு வந்ததும் சில ஆன்டிபயாடிக்குகளை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்ற வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் பேசினேன். லெவோஃப்ளாக்சசினும் லினிசோலிடும் வாயில் கொடுத்தாலே கிட்டத்தட்ட முழுசாக ரத்தத்தில் சேர்ந்துவிடும், அப்புறம் எதற்கு ஊசி என்று அரை மணி நேரம் விளக்கினேன். நிதியைப் பார்த்துக்கொண்டவர் கேட்டது ஒரே கேள்விதான்: மாதம் எவ்வளவு மிச்சமாகும்? நான் ஊசிக்கும் மாத்திரைக்கும் உள்ள விலை வித்தியாசத்தைச் சொன்னேன். நர்ஸ் செலவழிக்கிற நேரம், டிரிப் செட், நரம்பில் செருகி வைக்கிற கேனுலா குழாய் வழியாக வருகிற தொற்று, படுக்கை ஒரு நாள் முன்னால் காலியாவது, இதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஃபைலை மூடிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்த ஒரு ஜூனியர் பார்மசிஸ்ட் அதே விஷயத்தை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது, உன்னிடம் என்ன மறைப்பது!

அந்த ஒரு பக்கத்தை எழுதத் தெரிவதற்குத்தான் இந்தப் படிப்பு என்று நினைக்கிறேன். மருத்துவமனையிலேயே இருந்தாலும் கொள்முதல், எந்தெந்த மருந்தை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிற ஃபார்முலரி கமிட்டி, பிறகு மருந்தகத் துறைக்கே தலைமை என்று வழி இருக்கிறது.

ஆனால் உன் குணத்துக்கு மார்க்கெட் ஆக்சஸ், ஹெல்த் எகனாமிக்ஸ் பக்கம் பொருந்தும் என்று படுகிறது. அங்கே மருந்து வேலை செய்கிறது என்று நிரூபித்துவிட்டால் மட்டும் போதாது, கொடுக்கிற காசுக்கு அது தகுமா என்றும் காட்ட வேண்டும். அரசு மானியப் பட்டியலில் சேர இந்தக் கணக்கைக் கட்டாயமாக்கி 1993-இல் ஆஸ்திரேலியாதான் தொடங்கியது. இங்கிலாந்தில் இதே கணக்கைப் பார்க்கிற நைஸ் (NICE) அமைப்பு 1999-இல் வந்தது. இந்தக் கணக்கில் நல்ல ஆரோக்கியத்தோடு வாழ்கிற ஒரு வருஷத்தை 1 என்று வைத்து, படுத்த படுக்கையாக வாழ்கிற வருஷத்துக்கு அதைவிடக் குறைவாக மதிப்புப் போடுவார்கள். கேட்க மனசு சங்கடப்படும். ஆனால் அந்த மேஜையில் நோயைத் தெரிந்த ஆள் ஒருத்தர் இல்லாவிட்டால் சங்கடப்படக்கூட யாரும் இருக்க மாட்டார்கள்.

கம்பெனியில் பிராடக்ட் மேனேஜர் வேலை வேகமானது. காப்புரிமை 20 வருஷம் என்றாலும் விண்ணப்பித்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடுகிறது, பரிசோதனைகளும் அனுமதியும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும், மிச்சம் இருக்கிற காலத்துக்குள் விற்றாக வேண்டும். அந்த அழுத்தத்தில் நீ நம்பாத ஒன்றைச் சொல்லி விற்கச் சொல்வார்கள். அந்த இடத்தில் உன்னால் "முடியாது" என்று சொல்ல முடியுமா என்று யோசித்துக்கொள். சப்ளை செயின், கன்சல்டிங் எல்லாமும் உண்டு. அதைப் பற்றி என்னைவிட உன் நண்பர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சொந்தத் தொழில் என்றால் சிரிக்காதே. 1668-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஒருவர் வாங்கிய மருந்துக்கடைதான் இன்றைய மெர்க் மருந்து கம்பெனி. 1876-இல் கம்பெனி தொடங்கிய ஈலை லில்லியும் மருந்தாளுநர்தான். இவர்கள் யாரும் எம்.பி.ஏ. இல்லை, அது வேறு விஷயம்!

சரி, எப்போது சேர்வது? இப்போதே வேண்டாம். இரண்டு மூன்று வருஷம் வேலை பார், எங்கே பணம் ஒழுகுகிறது, எங்கே மருந்து காலாவதியாகிறது என்று கண்ணால் பார். அப்புறம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது உனக்கு உடனே ஒட்டும், வேலை கொடுத்தவர்களே ஃபீஸில் ஒரு பங்கைக் கட்டவும் கூடும். கவுன்டரில் நிற்கப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் சேராதே, ஏனென்றால் அந்தப் பக்கத்து மீட்டிங்குகளும் அலுக்கும். எங்கே போனாலும் மருந்தாளுநர் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இரு.

நீ பார்த்து வைத்திருக்கும் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை அனுப்பு. ஹெல்த் எகனாமிக்ஸ் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

அப்பா