கிறவல் கொட்டுமுன் களிமண்ணைத் திருத்தித் தரக் கோரும் மனு

நிறைவேற்றுப் பொறியியலாளர் அவர்கட்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் உள்ள எங்கள் உள்வீதி பற்றி முன்பு தந்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. வாய்க்கால் மதகு தாண்டி இறங்கும் இடம் தாங்கள் அறிந்ததே. போன மாரியில் தங்கள் வாகனமும் அதற்கு அங்கால் வரவில்லை.

1. முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களியைப் பற்றித் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோடையில் வெடிக்கும், மாரியில் ஊறிப் பொங்கும். மேலே கொட்டும் கிறவல் ஒரு மாரியோடு உள்ளே போய்விடுகிறது.

2. எங்களை அதிகம் வருத்துவது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாடு. சைக்கிள் சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவே களி இறுகினால் சில்லு சுற்றாது. அதனால் எங்கள் பிள்ளைகளின் சைக்கிள்களில் மட்காட்டே இல்லை. கரியரில் புத்தகப் பையோடு களி கிண்ட ஒரு தடியும் செருகியிருக்கும். மட்காட் இல்லாததால் வெள்ளைச் சட்டையில் முதுகு வரை சேறு. பெடியன்கள் மாற்றுச் சட்டையைப் பொலித்தீன் பையில் கொண்டுபோய் மதகடியில் மாற்றுகிறார்கள். பெண்பிள்ளைகள் எங்கே மாற்றுவது, ஐயா? சின்னதுகள் மழை நாளில் வீட்டிலேயே நிற்குதுகள். வரவு குறைவு என்று பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். நாங்கள் யாரைக் கைகாட்டுவது? தங்கள் அலுவலகத்தையா?

3. கிறவல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முதல் களியைத் திருத்துங்கள். நீற்றிய சுண்ணாம்பு கலந்தால் பொங்குவது குறையும். உமிச்சாம்பலும் சேர்த்தால், அதிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகும். தனிச் சாம்பல் பிடிக்காது, அதுவும் தெரியும். நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. எங்கள் நெல் போகிற மில்களில் சாம்பல் குவிந்து கிடக்கிறது.

4. கிறவல் களிக்குள் போகாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே தென்னந்தும்பு விரிப்புப் போடுங்கள். உக்கிப்போகும் என்பீர்கள். உக்கத்தான் செய்யும், ஆனால் அதற்குச் சில வருடம் எடுக்கும். அதற்குள் அடிமண் நீர் வடிந்து இறுகிவிடும். இந்தியாவில் 2020 இல் பிரதமர் கிராம வீதித் திட்டத்துக்கே இந்த விரிப்பை ஏற்றுக்கொண்டார்கள். குருநாகல் தும்பு கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது, மன்னாருக்கு மட்டும் வராதா?

5. வடிகால். இரு பக்கமும்.

6. மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, சுண்ணாம்பு எத்தனை வீதம், சாம்பல் எத்தனை வீதம் என்று பார்த்து, மதகிலிருந்து கோயிலடி வரையாவது ஒரு துண்டு போட்டுக் காட்டுங்கள். சாம்பல் ஏற்றிப் பறிக்க எங்கள் உழவு இயந்திரங்கள் வரும், கூலி வேண்டாம்.

ஈரக் களியில் சுண்ணாம்பு சரியாகக் கலக்காது. ஆகவே புரட்டாதிக்குள் வேலையைத் தொடங்கித் தரும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்கிறோம். திரும்பவும் கேட்கிறோம்: அடிமண்ணைத் திருத்தித் தாருங்கள். கிறவல் லொறியை மட்டும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள், ஐயா.

இப்படிக்கு,
கமக்காரர் அமைப்பினரும் பெற்றோரும்