பாசியா, மூஞ்சூறா? ஓவியாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஓவியா,

"சித்தப்பா, கிளாமிடோமோனஸும் நீர் மூஞ்சூறும் நீச்சல் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்கள்?" என்று நேற்று போனில் கேட்டாயே, அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். ராத்திரி யோசித்தால், இரண்டும் நீந்துவது ஒரே தண்ணீர்தானா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

கிளாமிடோமோனஸ் என்பது ஒரு பச்சைப் பாசி, ஒரே ஒரு செல், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. சாட்டை மாதிரி இருக்கிற இரண்டு கசையிழைகளை நொடிக்கு ஐம்பது தடவை போல வீசி, நாம் மார்நீச்சல் அடிக்கிற மாதிரியே போகும். நொடிக்குத் தன் நீளத்தைப்போல் பத்து மடங்கு தூரம்! ஒலிம்பிக் நீச்சல்காரர்களே நொடிக்கு ஏறக்குறைய ஓர் ஆள் நீளம்தான். ஆனால் வீசுவதை நிறுத்தினால் அங்கேயே, அந்தக் கணமே நின்றுவிடும். அந்த அளவு உடம்புக்குத் தண்ணீரின் பிசுபிசுப்புதான் எல்லாம், வேகத்தில் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போவது என்ற பேச்சே கிடையாது. தொட்டி நிறையத் தேன் ஊற்றி உன்னை இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அதைவிட மோசம்.

மூஞ்சூறின் கதை தலைகீழ். நான் சொல்வது வட அமெரிக்காவின் குளிர்ந்த ஓடைகளில் இருப்பது, நம் வீட்டு மூலையில் கீச்சிடுகிற மூஞ்சூறுக்குத் தூரத்துச் சொந்தம், பதினைந்து கிராம் தேறினால் அதிகம். ரோமத்துக்குள் காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு முங்கும், அதனால் தண்ணீருக்குள் வெள்ளிப் பூச்சு பூசியது போல மின்னும். குளிரைத் தாங்க அந்தக் காற்று வேண்டும், ஆனால் அதுவே தக்கை மாதிரி மேலே தூக்குகிறது. விறைத்த முடி விளிம்பு கட்டிய பின்னங்காலால் விடாமல் உதைக்க வேண்டும், நிறுத்தினால் பொசுக்கென்று மேலே வந்துவிடும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. மூக்கிலிருந்து குமிழியை எதிரே இருப்பதன் மேல் ஊதி, அதே காற்றைத் திரும்ப உள்ளே இழுத்துத் தண்ணீருக்குள்ளேயே மோப்பம் பிடிக்கும். கென்னத் கட்டானியா என்ற அமெரிக்க உயிரியலாளர் 2006இல் இதைக் கண்டு எழுதினார். பாசிக்கு மோப்பம் எதற்கு, இருக்கிற ஒரு கண்புள்ளியை வைத்து வெளிச்சத்தைத் தேடிப் போனால் சாப்பாடு தயார்.

சரி, என் ஓட்டு பாசிக்கு. மூஞ்சூறுதான் என்று நீ அடம்பிடிப்பாய், தெரியும். திங்கட்கிழமை பள்ளி லேபில் பச்சைக் குட்டைத் தண்ணீர் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு, சண்டையைத் தொடரலாம்.

சித்தப்பா