வெங்காய லாரி அண்ணனுக்கும் வழித்துணையாக வந்த மற்றவர்களுக்கும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். பெயரைக் கேட்காமலே உங்களை அனுப்பிவிட்டோம். போன பள்ளி விடுமுறையில், கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையில், கிளந்தான் எல்லையை நெருங்கும் ஏற்றத்தில் பானட்டிலிருந்து ஆவி கிளம்ப நின்றிருந்த பினாங்குக் குடும்பம் நாங்கள்.

மணி ஐந்தரை. தித்திவங்சா மலைத்தொடரில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் தொடர்பு இல்லை. சற்றுத் தள்ளி, யானை கடக்கும் இடம் என்ற மஞ்சள் பலகை. பிள்ளைகள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனபோதுதான் உங்கள் குரல் கேட்டது: "தொடாதீர்கள் தம்பி, கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும்!"

பின்னால் வரும் வண்டிகள் எங்கள்மீது மோதிவிடாதபடி, லாரியை எங்களுக்குப் பின்னால் நிறுத்தி விளக்குகளை மின்ன விட்டீர்கள். இயந்திரம் ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தீர்கள். ரப்பர்க் குழாயின் முனை, வளையம் இறுக்கும் இடத்தில் வெடித்திருந்தது. வெடித்த இரண்டு விரற்கடையைக் கத்தியால் நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சக் குழாயை இழுத்துச் செருகி வளையத்தை முறுக்கினீர்கள். உங்கள் குடிதண்ணீர்க் கேன் முழுவதும் எங்கள் ரேடியேட்டருக்குள் போனது. கோத்தா பாருவில் சரக்கு இறக்க நேரமாகியும், ஜெலி வரை எங்கள் பின்னாலேயே வந்தீர்கள். அந்த விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்ததால்தான் என் கணவரால் நடுங்காமல் ஓட்ட முடிந்தது.

ஜெலியில் கடையை மூடிக்கொண்டிருந்த மக்சிக் (மலாய் அத்தை) அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, அம்மா சைவம். அதைச் சொன்னதும் வாணலியை மறுபடி தேய்த்துக் கழுவி, பெலாச்சான் என்ற இறால் விழுது போடாமல் பூண்டு மட்டும் தட்டிப் போட்டுக் கங்குங் கீரையை வதக்கிக் கொடுத்தார். அம்மாவின் சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்று காலையில் தெமெங்கோர் ஏரியில் படகேறி ரோயல் பெலும் பூங்காவுக்குப் போயிருந்தோம். 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 117,500 ஹெக்டர் காடு அது. எழுபத்து நான்கு வயது அப்பா, ரஃப்லேசியா பூவைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். இலையும் தண்டும் இல்லாமல், காட்டுக்கொடியில் ஒட்டி வாழும் பூ. மாதக்கணக்கில் மொட்டாக இருந்து, விரிந்த ஒரு வாரத்துக்குள் கருகிவிடும். வழிகாட்டியாக வந்த, ஜஹாய் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த இளைஞர் ஒரு கழி வெட்டிக் கொடுத்து, சேற்று மேட்டில் அப்பாவின் மறு கையை விடாமல் பிடித்து ஏற்றிவிட்டார். பூவின் முன் அப்பா குழந்தையைப் போல் நின்றார். தம்பி, அந்தக் கழி இப்போது எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது.

குவா மூசாங் வழியாகக் கேமரன் மலை ஏறி, சிம்பாங் பூலாய் இறங்கி, நலமாக வீடு வந்து சேர்ந்தோம்.

அண்ணா, வண்டியைக் கழுவும்போது இருக்கைக்கு அடியில் உங்கள் திருப்புளி கிடைத்தது. சிவப்புக் கைப்பிடி, அதில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. இந்த மடல் யார் மூலமாவது உங்களை எட்டினால் ஒரு வார்த்தை எழுதுங்கள். எங்கிருந்தாலும் கொண்டுவந்து தருகிறோம். அம்மா அதற்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

நன்றியுடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து உங்கள் தங்கை