உங்கள் கேமரா கஞ்சி ஆவியைத் தாங்குமா?

அன்புள்ள பயோமெடிக்கல் பொறியியல் மாணவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு கல்லூரிக் கண்காட்சியில், தாங்களே செய்த வீடியோ லாரிஞ்சோஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்க்க உதவும், கேமரா வைத்த கருவியை) மேஜைமேல் வைத்துக்கொண்டு நான்கு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பரிசு தராமல் போன நடுவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் அந்த நால்வரிடம் சொல்ல முடியாததை, அவர்களையே 'நீங்கள்' என்று அழைத்து இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கியிருக்கிற மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில், நீங்கள் கையில் எடுத்த காரியம் சரியானது. நான் அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுப்பவள். மருந்து போட்டு மூச்சை நிறுத்தியபின் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட எங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். 1943-ல் மெக்கின்டோஷ் என்ற மயக்க மருத்துவர் வெளியிட்ட அதே வளைந்த பிளேடால் (வாய்க்குள் விடும் தகடு) நாக்கை ஒதுக்கி, தலையைச் சாய்த்து, குரல்நாண் எங்கே என்று தேடுகிறோம். நுனிக்குப் பக்கத்தில் ஒரு கேமரா இருந்தால் தேடுகிற வேலை பாதி குறைந்துவிடும். 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அவசரப் பிரிவுகளிலும் ஐசியுக்களிலும் 1,417 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். முதல் முயற்சியிலேயே டியூப் உள்ளே போனது கேமராவோடு 85.1 சதவீதம், கேமரா இல்லாமல் 70.8 சதவீதம். ஆனால் பேர்போன கருவிகளின் விலை லட்சத்தில் இருக்கிறது. ஓர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தால் அடுத்த தியேட்டரில் இருக்காது.

சரி, உங்கள் கருவிக்கு வருவோம். 'முழுவதும் டிஸ்போசபிள்' என்று அட்டையில் பெரிதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு இடித்தது அதுதான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், '2' என்ற எண்ணின்மேல் கோடு போட்ட சின்னம் அச்சடித்த பிளேடுகள் வந்தன. ஒரு தடவைக்குமேல் பயன்படுத்தாதே என்று அர்த்தம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவை சைடெக்ஸ் என்ற கிருமிநாசினித் தொட்டியில் வரிசையாக ஊறிக்கொண்டிருந்தன. சிஸ்டரைக் கேட்டேன். "இவ்வளவு நல்லா இருக்கிறதை எப்படி மேடம் தூக்கிப் போடுறது?" என்றார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்டென்ட் போட்டுக் கேட்ட அடுத்த சரக்கு எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேமராவும் பல்பும் உள்ள ஒரு பொருளைக் குப்பையில் போட நம் ஊரில் யாருக்கும் கை வராது. கழுவுவார்கள். ஊறவைத்து ஊறவைத்து ஒட்டிய இடம் விட்டுப்போய் லென்ஸுக்குள் தண்ணீர் இறங்கும். அப்புறம் நடுராத்திரி ஒரு கேஸில் திரை வெள்ளையாகிவிடும்.

அதனால் வாயில் படுகிற உறை மட்டும் தூக்கிப் போடுகிறதாக இருக்கட்டும்: ஒளி ஊடுருவும் வெறும் பிளாஸ்டிக், உள்ளே ஒரு கம்பிகூட வேண்டாம். கேமராவும் விளக்கும் கைப்பிடியோடு தங்கட்டும். எடின்பரோவில் வடிவமைப்பு மாணவராக இருந்த மெக்ராத் செய்த கருவியும் இப்படித்தான், கேமராக் குச்சிமேல் மாட்டிக் கழற்றும் உறை. குப்பைக் கணக்கும் இதில் எளிது. வெறும் பிளாஸ்டிக் என்றால் நேராக மருத்துவமனைப் பிளாஸ்டிக் கழிவுக்கான சிவப்புப் பை. உள்ளே பட்டன் பேட்டரி ஒட்டியிருந்தால், விடியற்காலை மூன்று மணிக்கு அதை யார் பிரித்து எடுப்பார்கள்?

உறையின் விலையைக் குறைக்கிறேன் என்று மெல்லியதாக்கிவிடாதீர்கள். கனமான ஆளின் தாடையைத் தூக்கும்போது பிளேடு வளைந்தால், என் கை மேலே போகும், நுனி அங்கேயே நிற்கும். அதற்காகத் தடியாகவும் செய்ய முடியாது. போன வருடம் ஒரு குடல் ஆபரேஷனுக்கு வந்தவர் இருபது வருடமாக குட்கா போட்டவர். கன்னத்தின் உட்புறம் தோல்போல இறுகி, வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. டியூப் போகப் பள்ளம் வைத்த கருவிகளுக்குப் பொதுவாக 18 மில்லிமீட்டராவது இடம் வேண்டும். அவர் வாயில் அது நுழையவே இல்லை. 13 மில்லிமீட்டருக்குள் அடங்கும் ஒன்று இருந்திருந்தால் நிதானமாகச் செய்திருப்பேன். குட்கா வாய்கள் நம் வார்டுகளில் ஏராளம். வெளிநாட்டு அளவைப் பார்த்து வரையாமல் ஸ்கேலோடு வந்து அளந்து பாருங்கள்.

அடுத்தது ஆவி. நீங்கள் சோதித்த பொம்மைக்கு மூச்சில்லை, எச்சிலில்லை. ஏசி அறையில் குளிர்ந்த லென்ஸ் மனித வாய்க்குள் போன நொடியே மூடிக்கொள்ளும். இது பழைய தலைவலி. 1854-ல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பாரிஸில் 6 பிராங்க்குக்குப் பல் டாக்டர் கண்ணாடி ஒன்றை வாங்கி, வெயிலை இன்னொரு கண்ணாடியால் தொண்டைக்குள் திருப்பி, தன் குரல்நாணைத் தானே பார்த்தார். கண்ணாடியை வாயில் விடுமுன் வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொண்டார். இன்று கருவிக்குள் இருக்கும் எல்.ஈ.டி.யின் சூட்டையே லென்ஸுக்கு மடைமாற்றலாம், ஏர்ட்ராக் என்ற லாரிஞ்சோஸ்கோப்பும் லென்ஸைச் சூடாக்கித்தான் ஆவியைத் தடுக்கிறது. உங்கள் கருவியை வீட்டில் சோறு வடிக்கும்போது கஞ்சிப் பாத்திரத்துக்கு மேலே ஒரு நிமிடம் பிடியுங்கள். பிறகு நுனியை ஆறிய கஞ்சியில் முக்கி எடுங்கள். சளி ஏறக்குறைய அப்படித்தான் ஒட்டும்.

உங்கள் வீடியோவில் குரல்நாண் திரை முழுக்கத் தெரிந்தது, பார்வையாளர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கேமரா அவ்வளவு முன்னால் இருந்தால் டியூப் வருகிற வழி தெரியாது. குரல்நாண் பளிச்சென்று தெரியும், டியூப் மட்டும் பக்கத்தில் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள், படம் சிறியதானாலும் பரவாயில்லை. குழாய் அடைப்புப் பார்க்கிற 5.5 மி.மீ. கேமராவை ஒட்டியிருந்தீர்கள். மலிவு, நல்ல யோசனை, நம் நாட்டு மயக்க மருத்துவர்களே அதைப் பிளேடில் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வைஃபையில் போனுக்கு அனுப்பாதீர்கள். என் கை நகர்ந்து அரை நொடி கழித்துப் படம் நகர்ந்தால், நான் பழைய இடத்தைப் பார்த்துக் குத்திக்கொண்டிருப்பேன். ஒயர் போதும்.

அடுத்த மாதிரி தயாரானதும் கல்லூரி வழியாக அனுமதி வாங்கிக்கொண்டு எங்கள் தியேட்டருக்கு வாருங்கள். நோயாளிமேல் அதை வைக்க விடமாட்டேன், அதற்கு எத்திக்ஸ் கமிட்டி இருக்கிறது. ஓர் ஓரமாக நின்று நாங்கள் டியூப் போடுவதை ஒரு காலை முழுக்கப் பாருங்கள். ஏழரைக்குள் வந்துவிடுங்கள், முதல் கேஸ் எட்டு மணிக்கு. சாப்பிட்டுவிட்டு வாருங்கள், போன தடவை வந்த ஒரு தம்பி மயங்கி விழுந்துவிட்டான்.

இப்படிக்கு,
பரிசு தராத நடுவர்களில் ஒருத்தி