அறக்கட்டளை என்றால் பணிக்கொடை இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் காட்டுயிர்ப் பாதுகாப்பு அறக்கட்டளைகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த சிறப்புக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கும் இளைஞர்களைப் பற்றியும், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளை மீட்கும் பணியைப் பற்றியும் கட்டுரையாளர் அக்கறையோடு எழுதியிருந்தார். ஆனால் ஊழியர் நலனைப் பற்றி அவர் போகிறபோக்கில் எழுதிச் சென்ற ஒரு வாக்கியம் பத்து நாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. இவை அறக்கட்டளைகள் ஆதலால் தொழிலாளர் சட்டங்கள் இவற்றுக்குப் பொருந்தாது என்றும், அங்கே பணியாற்றுபவர்கள் காட்டின் மீதுள்ள அன்பினால் வந்தவர்கள் ஆதலால் அதை ஒரு குறையாகக் கருதுவதில்லை என்றும் அந்த வாக்கியம் சொல்கிறது. குறையாகக் கருதாதவர்கள் என்று அவர் சொல்லும் அந்தக் கூட்டத்தில் 2008 முதல் 2023 வரை நானும் ஒருத்தியாக இருந்தேன். என்னையோ என்னைப் போன்றவர்களையோ அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் வேலை செய்தது மேற்குத் தொடர்ச்சி மலையில். ஊரைச் சொன்னால் நிறுவனம் தெரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லை. யானைக் கூட்டங்களின் நடமாட்டத்தைப் பதிவு செய்வதும், தானியங்கிக் கேமராக்களைக் கட்டி அவிழ்ப்பதும் என் பணி. சேர்ந்த நாள் முதல் எனக்குத் தரப்பட்டது சம்பளம் அன்று, மதிப்பூதியம். ஒப்பந்தம் 11 மாதங்களுக்கு. பிறகு சில வாரங்கள் இடைவெளி. பிறகு அதே மேசை, அதே பாதை, புதிய ஒப்பந்தம். காலை ஆறு மணிக்குக் கள நிலையத்தில் கையெழுத்திட வேண்டியவளாக இருந்தபோதும் காகிதத்தில் நான் ஆலோசகர். அதனால் தொழில்முறைக் கட்டணத்துக்குப் பிடிப்பதைப் போல மாதந்தோறும் 10 விழுக்காடு வருமான வரி பிடிக்கப்பட்டது. வருங்கால வைப்பு நிதி என்ற பேச்சே எழவில்லை. ஒரு முறை நான் எழுப்பியபோது, நிறுவனம் மிகவும் நல்லவிதமாகவே பதில் சொன்னது: நாமெல்லாம் ஒரு குடும்பம், குடும்பத்தில் இப்படிக் கணக்குப் பார்ப்பார்களா என்று. எனக்கு அப்போது வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கத்தை இன்று நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

2016-இல் நான் கருவுற்றிருந்தேன். சட்டப்படி அன்று பேறுகால விடுப்பு 12 வாரங்கள். அது 26 வாரங்களாக உயர்ந்தது 2017 ஏப்ரலில். எனக்கு 12 வாரமும் கிடைக்கவில்லை, ஏனென்றால் ஆறாம் மாதத்தில் என் ஒப்பந்தம் முடிந்தது, திட்டமும் முடிந்துவிட்டது என்றார்கள். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது அதே திட்டம் வேறு பெயரில் தொடங்கியது, என்னையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். யாரும் என்னிடம் கடுஞ்சொல் சொல்லவில்லை. வளைகாப்புக்கு எல்லோரும் வந்திருந்தார்கள்.

நாங்கள் அண்ணன் என்று அழைத்த ஒருவரைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். அந்த மலையின் பழங்குடியைச் சேர்ந்த அவர்தான் எனக்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் நாட்கூலிக் கள உதவியாளர். ஒரு மழைக்காலத்தில் கேமராவைக் கட்டக் குனிந்தவரைக் குழிவிரியன் கடித்துவிட்டது. நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகச் செய்யப்படுவது என்பது தாங்கள் அறிந்ததே. மலைக்காட்டில் இலைச் சருகுக்குள் கிடக்கும் குழிவிரியனுக்கு அது கேட்பதில்லை. இரண்டரை மணி நேரம் மலைப்பாதையில் இறக்கிக் கொண்டுபோனோம். அவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, ஒரு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தார். அந்த ஆண்டு நிறுவனத்தின் ஜீப்புக்கும் கேமராக்களுக்கும் காப்பீடு எடுத்திருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த ஏழு பேருக்கும் குழு மருத்துவக் காப்பீடு இருந்தது. காட்டுக்குள் போகிற பன்னிரண்டு பேருக்கு எதுவும் இல்லை. நாங்கள் எங்களுக்குள் பணம் திரட்டினோம்; நிறுவனம் ஒரு தடவை உதவித்தொகை தந்தது, அதற்கு நன்றிக் கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டது. வேலைக்குப் போகாத நாட்களுக்கு அவருக்குக் கூலி இல்லை.

கட்டுரையில் மனநலப் பயிலரங்குகளைப் பாராட்டி ஒரு பத்தி இருக்கிறது. 2019-இல் ஒரு மாலை, நாங்கள் பின்தொடர்ந்துகொண்டிருந்த யானை, பணி முடிந்து குடியிருப்புக்குத் திரும்பிய தோட்டத் தொழிலாளி ஒருவரைத் தாக்கிவிட்டது. முதலில் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள்தான். அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தது நானும் இன்னும் இருவரும்தான். வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் காலை அந்தச் சம்பவத்தின் பதிவுத்தாளை அனுப்பும்படி தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான்கு மாதங்கள் கழித்து, சென்னையிலிருந்து ஒரு மனநல ஆலோசகர் இணையவழியில் ஒரு மணி நேரம் பேசினார். நல்ல மனிதர். ஆனால் எங்கள் கள நிலையத்தில் இணைப்பு நிற்காததால் பாதிதான் கேட்டது. எங்களோடு இருந்த இளைஞர் அந்த ஆண்டே வேலையை விட்டுப் போனார். எனக்கு இரண்டு ஆண்டுகள் சரியான தூக்கம் இல்லை. மருத்துவருக்கும் மாத்திரைக்கும் கைக்காசுதான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அந்த உரிமை கையில் கிடைக்க முதலில் ஒரு காப்பீடு இருக்க வேண்டுமல்லவா?

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1978-இல் தந்த தீர்ப்பு தங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரு நிறுவனம் தருமம் செய்கிறது என்பதற்காக அங்கே ஊதியத்துக்கு வேலை செய்பவரும் தருமம் செய்பவராகிவிட மாட்டார், ஆகவே அத்தகைய நிறுவனமும் சட்டத்தின் கண்ணில் ‘தொழில்’தான் என்பதே நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதியதன் சாரம். இதற்கு நேர்மாறாக, 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, தொண்டு நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கட்டுரையாளர் இதை மனத்தில் வைத்து எழுதினாரென்றால், அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த விலக்கு தொழில் தகராறுகளுக்கான சட்டத்தில் உள்ளது. பணியாற்றிய ஆண்டுகளுக்கேற்ப விடைபெறும்போது தரப்படும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) அதில் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கான அந்தக் கடமை தனியாக சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு முடிந்தாலே அது உண்டு என்றும் அந்தத் தொகுப்பு சொல்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ அறக்கட்டளை, தன்னார்வத் தொண்டு நிறுவனம் என்று பெயர் சொல்லியே பணியிடத்தை வரையறுக்கிறது. எங்கள் நிறுவனத்தில் நான் இருந்தவரை புகார்க் குழு என்ற ஒன்று அமைக்கப்படவில்லை. சட்டம் பொருந்தாது என்று தாங்கள் அச்சிட்ட பக்கத்தை எத்தனை நிர்வாகிகள் எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

நிதி இல்லை என்பது எப்போதும் சொல்லப்படும் பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வணிக நிறுவனங்கள் செலவிடும் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியில் நிர்வாகச் செலவுக்கு 5 விழுக்காடுதான் என்று விதி இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடையில் அந்த வரம்பு 2020-இல் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. நிதி கொடுப்பவர்கள் மரக்கன்றுக்குத் தருவார்கள், அதை நடுபவரின் வைப்பு நிதிக்குத் தரத் தயங்குவார்கள். ஆனால் ஆய்வை முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்புகளில் களத் தரவு சேகரிப்பவர்களின் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது என்று அதே வெளிநாட்டு நன்கொடை விதிகள் சொல்கின்றன. எங்களிடம் 20 விழுக்காட்டைக் காட்டியவர்கள் அந்த வரியைக் காட்டவில்லை. நாங்களும் அதைத் தேடிப் படிக்கவில்லை. அட்டைக்கடியோடு இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர்களுக்கு விதிப் புத்தகம் படிக்க எங்கே நேரம்?

நான் விடைபெற்றபோது மாத ஊதியம் 24,000 ரூபாய். இடைவெளிகளைக் கழித்தாலும் 14 ஆண்டுகள். ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் பணிக்கொடை 1,93,846 ரூபாய் வரும். எனக்கு ஒரு சால்வையும், சட்டமிட்ட இருவாச்சிப் படம் ஒன்றும் தந்தார்கள். படம் அழகானது; வீட்டுக் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறேன். வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டபோது, அத்தனை ஒப்பந்தங்களிலும் ஆலோசகர் என்று நானே கையெழுத்திட்டிருப்பதால் வழக்கு நீளும் என்றார். விட்டுவிட்டேன்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. அந்த வாக்கியத்துக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் சிறப்பிதழுக்காக அறக்கட்டளைகளிடம் தாங்கள் அனுப்பும் வினாப் பட்டியலில், எத்தனை ஏக்கர், எத்தனை மரம் என்பவற்றோடு, காட்டுக்குள் போகும் ஊழியர்களில் எத்தனை பேருக்குக் காப்பீடும் வைப்பு நிதியும் உண்டு என்ற கேள்வியையும் சேருங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணனின் மகன் இந்தத் தை மாதம் அங்கேயே கள உதவியாளராகச் சேர்ந்திருக்கிறான். ஒப்பந்தம் 11 மாதங்களுக்கு.

இப்படிக்கு,
முன்னாள் கள ஆய்வாளர் ஒருவர்
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்கு மட்டும்)