ஆம்ப்ளிஃபயர் கேட்டால் ஸ்பீக்கரை ஏன் விசாரிக்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆம்ப்ளிஃபயர் என்ன விலை என்று கேட்டால், வீட்டில் என்ன ஸ்பீக்கர் என்று பதிலுக்குக் கேட்கிறோம் என எங்கள் கடைமீது ஒரு குறை உண்டு. “சம்பந்தம் பேச வந்தவர்களைப் போல விசாரிக்கிறீர்களே” என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். காரணத்தை எழுதிவிடுகிறோம்.

சென்ற மாதம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு பெரியவர், கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வேட்டியில் சுற்றி எடுத்துவந்தார். இடம், வலம் என்று பக்கத்துக்கு ஒரே ஒரு இஎல்84 ரக வால்வு, சுமார் 5 வாட். “நாகஸ்வரம் தேனாக இருக்கிறது, தவில் சேர்ந்தால் கரகரக்கிறது” என்றார். வால்வை மாற்றினோம். கரகரப்பு போகவில்லை. ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னோம். மகன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சின்னப் பெட்டி. பின்பக்கத் தகட்டில் 85 டெசிபல், 4 ஓம் என்று இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் ஒரு பழுதும் இல்லை. வள்ளத்து இன்ஜினை விசைப்படகில் மாட்டிவிட்டு, போகவில்லையே என்று வருந்தியிருக்கிறார்.

அந்த டெசிபல் எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் பெட்டி எவ்வளவு சத்தம் போடும் என்பதே அது. எண்ணில் 3 குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். 10 குறைந்தால் பத்து மடங்கு. 95 டெசிபல் பெட்டி 5 வாட்டில் எழுப்பும் சத்தத்தை 85 டெசிபல் பெட்டியிடம் வாங்க 50 வாட் ஆகும். கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் 100 டெசிபலைத் தாண்டும். பழைய வால்வு மைக் செட்டுகள் அவ்வளவு தூரம் கேட்டதில் பாதிப் பெருமை அந்தக் குழாய்க்கே சேரும்.

அடுத்தது ஓம், அதாவது மின்சாரத்துக்குப் பெட்டி காட்டும் தடையின் அளவு. வால்வு ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். பெட்டிக்கு உரிய முனையில் மாட்ட வேண்டும். பெரியவர் 4 ஓம் பெட்டியை 8இல் மாட்டியிருந்தார். மாற்றியதும் குரல் தெளிந்தது. தவில் மட்டும் தேறவில்லை. ஓம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 8 ஓம் பெட்டி மீட்டரில் 6 ஓம் அளவில்தான் காட்டும். அது கோளாறு இல்லை.

தகட்டில் போட்டிருக்கும் ஓமும் எல்லாச் சுரத்துக்கும் ஒன்றாக நிற்பதில்லை. கீழ்ச்சுரத்தில் ஓரிடத்தில் அது பல மடங்கு ஏறும். டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் உள்தடை மிகச் சிறியது, அந்த ஏற்ற இறக்கத்தை அது சட்டை செய்யாது. சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்தடை சில ஓம் வரை இருக்கும். பெட்டியின் ஓம் ஏறுமிடத்தில் சத்தமும் ஏறி, அடிநாதம் கொஞ்சம் பருத்துவிடும். வால்வின் வெதுவெதுப்பு என்று நாம் புகழ்வதில் ஒரு பங்கு இதுதான். எனக்கு நாகஸ்வரத்துக்கு அது பிடிக்கும். மிருதங்கத்தின் தொப்பிக்கு, அதாவது அடிநாதம் தரும் இடப்பக்கத்துக்கு, டிரான்ஸிஸ்டரே மேல். அடித்த அடி அங்கேயே நிற்கும்.

வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் மாட்டாமல் பாட்டுப் போடாதீர்கள், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலுள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். டிரான்ஸிஸ்டருக்கு நேர்மாறு: பெட்டி இல்லாவிட்டால் சும்மா இருக்கும், ஸ்பீக்கர் ஒயர் இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் போயிற்று.

நம் கடற்கரைக்கு உப்புக்காற்று வேறு. பெரியவரின் ஒயரைக் கழற்றியபோது செம்பே தெரியவில்லை, நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு. இரண்டு அங்குலம் வெட்டியெறிந்து புதிதாகச் சீவித்தான் மாட்டினோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களும் இதைச் செய்யலாம். ஆனால் வால்வு ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்து சுத்தம் செய்ய முயல வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உள்ளேயுள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை நின்றுகொண்டிருக்கலாம்.

பெரியவருக்கு எங்களிடம் கிடந்த 95 டெசிபல் பழைய பெட்டி ஒரு ஜோடியைக் கொடுத்தோம். சின்னப் பெட்டிகள் மகனுடைய அறையில் 50 வாட் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயரோடு பாடுகின்றன. நீங்கள் வரும்போது பெட்டியைத் தூக்கிவர வேண்டாம், பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்துவந்தால் போதும். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது.

இப்படிக்கு,
ஆம்ப்ளிஃபயர் கடைக்காரர்,
கீழக்கரை